இலாரியான், ஒரு கோல்

ஆரோக்கியத்துறையில் ஆளை விடப் பந்து அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், பேசட்டும், அந்த ஊரில் எத்தனை கோல் விழுந்தது, எந்தக் காலால் விழுந்தது, எத்தனையாவது நிமிடம் விழுந்தது, அப்போது காற்று கடலிலிருந்து அடித்ததா கரையிலிருந்து அடித்ததா என்று ஒன்று விடாமல் எழுதி வைக்க ஒரு ஆள் இருந்தான், அவன் பெயர் கஸ்மீர், அவனுக்கு முன்னால் அந்தக் கரையில் நடந்த ஆட்டங்களில் யார் அடித்த கோலும் யார் வாய் பெரியதோ அவர் பேருக்கே போய்ச் சேர்ந்தது.

கஸ்மீருக்கு இரண்டும் தட்டைப் பாதம். மணலில் பத்து எட்டு ஓடினால் மூச்சு வாங்கும், ஆகவே சின்ன வயதிலேயே அவனை மைதானத்துக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள், அவனும் உட்கார்ந்த இடத்தில் எண்ண ஆரம்பித்தான், எண்ணியதை நீளநோட்டில் எழுத ஆரம்பித்தான், பத்தொன்பது வயதில் மார்த்தாண்டத்திலிருந்து வரும் ‘கரைமுரசு’ வாரப் பத்திரிகைக்கு, உங்கள் செய்தியில் கோல் நாலு என்று போட்டிருக்கிறீர்கள், விழுந்தது மூன்று, நாலாவது பந்து வலையின் வெளிப்பக்கம் மோதியது என்று கடிதம் போட, ஆசிரியர் ஆளனுப்பி அவனையே எழுதச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாராவாரம் அவன் எழுதினான். தலையால் அடித்த கோல் இத்தனை, மழையில் அடித்த கோல் இத்தனை, கல்யாணத்துக்கு முன் அடித்தவை இத்தனை, பின் அடித்தவை இத்தனை என்று அவன் போட்ட ஒரு பட்டியலால் இரண்டு நிச்சயதார்த்தம் நின்றே போயின, அது வேறு கதை. அவனுக்கு ஒரே ஆசைதான். சென்னையில் ஒரு பெரிய நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சேர வேண்டும், பெரிய ஸ்டேடியத்தில் பத்திரிகைக்காரர்களுக்கென்று கண்ணாடி போட்ட மாடத்தில் உட்கார்ந்து பெரிய ஆட்டங்களை எழுத வேண்டும். வருடத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டான். வருடத்துக்கு ஒரு மௌனம் வந்தது.

அந்தக் கரையில் எட்டு ஊர் சேர்ந்து ஆடும் மிக்கேல் கோப்பைக்கு ஒரு வழக்கம் உண்டு. கோப்பை கொடுக்கும் நாளில் பங்குச் சாமியார் மேடையேறி, கோல் அடித்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார், பெயர் வாசித்ததும் அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும், அவனோடு அவன் வீட்டார் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், எட்டு ஊரும் பார்த்துக் கை தட்டும், பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் பாதி அந்தக் கைதட்டலை வைத்துத்தான் முடிவாகும். வாசிக்கிற பட்டியல் கஸ்மீர் எழுதியது. ஊர்கள் அடித்த கோலைக் கூட்டினாலும், ஆட்கள் அடித்த கோலைக் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும் என்பது அவனுடைய வேதம், அது வராமல் அவனுக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் ஒரு கோல் இடித்தது. கொட்டுகிற மழையில் ஆடிய ஆட்டம், ஆரோக்கியத்துறைக்கு ஒரு கோல் தேவை, கடைசி ஐந்து நிமிடம், கஸ்மீருக்கோ அடக்க முடியாத ஒண்ணுக்கு. தென்னைக்குப் பின்னால் போனான். போன நேரத்தில் பந்து கோல் வாயில் சேற்றுக்குள் சிக்கி, ஆறு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டு, எழுந்து பார்த்தால் பந்து கோட்டுக்கு உள்ளே கிடந்தது. கோல், சரி. யார் கோல்? ஆறு பேரும் நான்தான் என்றார்கள். ஆறு பேருடைய அம்மாக்களும் என் மகன்தான் என்றார்கள், அதில் ஒருத்தி அன்று ஊரிலேயே இல்லை. ஒருவன் பேரில் எழுதினால் மற்ற ஐந்து வீடும் கஸ்மீர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றும். எழுதாமல் விட்டால் தொகை இடிக்கும்.

மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்து, நாலாவது நாள் கஸ்மீர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் எழுதினான். பழைய புனிதர் சரித்திரப் புத்தகத்தில் யாரும் புரட்டாத ஒரு பக்கத்தில், எட்டு ஊரிலும் யாரும் பிள்ளைக்கு வைக்காத ஒரு பெயரைக் கண்டுபிடித்து, ‘இலாரியான், ஒரு கோல்’ என்று எழுதினான். வெளியூரிலிருந்து அன்றைக்கு மட்டும் ஆட வந்த பையன், சட்டை எண் பதினாலு, திரும்பிப் போய்விட்டான் என்று ஆறு வீட்டுக்கும் சொல்லிவிட்டான். ஆறு வீடும் மற்ற ஐந்து வீட்டுக்குக் கிடைக்கவில்லையே என்ற நிம்மதியில் வாயை மூடிக்கொண்டன. தொகை பொருந்தியது. அன்று கஸ்மீர் மூன்று தட்டு சோறு தின்றான்.

கோப்பை நாள் வந்தது. பங்குனி வெயில், மைதானமெல்லாம் காய்ந்து புழுதி. சாமியார் வாசித்துக்கொண்டே வந்து, “இலாரியான், ஒரு கோல்” என்றார். யாரும் எழவில்லை. எட்டு ஊரும் திரும்பிப் பார்த்தது, கஸ்மீர் குனிந்து நோட்டைப் பார்த்தான், சாமியார் இன்னொரு தடவை வாசித்தார், அப்போது பின்னால் பூவரச மரத்தடியில் ஒரு ஆள் எழுந்து நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். பதினாலு எண் போட்ட சட்டை. தலையிலிருந்து கால்வரை ஈரச் சேறு, சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூட நிற்க வீட்டார் யாரும் இல்லாததால் அவன் தனியாக நின்று, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தான். சாமியார் அவனை ஆசீர்வதித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுதான் ஆரோக்கியத்துறையின் எண்ணம். பெயர் வாசித்தார்கள், ஆள் எழுந்தான். முதலில் ஒரு பெண் துண்டு கொடுத்தாள், இன்னொருத்தி கட்டன் சாயா கொடுத்தாள், அவனை எங்கே படுக்க வைப்பது என்ற பேச்சு வந்தபோது அந்த ஆறு வீடும் சண்டைக்கு வந்தன, கோலுக்கு ஆறு பேர் உரிமை கொண்டாடிய மாதிரியே ஆளுக்கும் கொண்டாடினார்கள், மூக்கு எங்க வீட்டு மூக்கு என்று ஒரு வீடு, நடை எங்க மாமன் நடை என்று இன்னொரு வீடு, கடைசியில் வாரத்துக்கு ஆறு நாள் ஆறு வீட்டிலும், ஞாயிற்றுக்கிழமை சாமியார் வீட்டிலும் சாப்பாடு என்று தீர்ந்தது. வள்ளத்தில் ஏற்றினார்கள், வலை இழுத்தான். ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது பிறந்த தேதி கேட்டார்கள், அவனுக்குத் தெரியவில்லை, கஸ்மீர் அண்ணனிடம் கேளுங்கள் என்று அவனே சொன்னான். கஸ்மீர் திகைத்துப்போய் ஆனி மாதம் ஏழு என்று ஏதோ உளற, அடுத்த ஆனி ஏழுக்கு ஆறு வீட்டிலும் பாயசம் வைத்தார்கள்.

ஆட்டத்துக்கும் இறக்கினார்கள். இறக்கிய ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தான். அடுத்த ஆட்டத்திலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று. இரண்டு அடித்ததில்லை, அடிக்காமல் விட்டதும் இல்லை. ஆட்டத்துக்கு ஒரு கோல் உறுதி என்றால் எந்த ஊருக்குத்தான் கசக்கும், மிக்கேல் கோப்பை அதற்கப்புறம் ஆரோக்கியத்துறையை விட்டு வெளியே போகவே இல்லை.

இப்போது ரெக்சலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஸ்மீரின் ஒரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு அண்ணனும் தங்கையும் மட்டும்தான் வீட்டில். முப்பத்து மூன்று வயது வரை வந்த மாப்பிள்ளை எல்லாரையும், இவன் சிரிக்கிறது சரியில்லை, அவன் நிற்கிறது சரியில்லை என்று தள்ளிவிட்டவள், அப்படிப்பட்டவள் ஒரு நாள் மீன் குழம்பைக் கலக்கிக்கொண்டே, நான் இலாரியானைக் கட்டிக்கிடுதேன் என்றாள்.

கஸ்மீர் கையில் இருந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டான்.

“ஏ பிள்ளே, அவனுக்கு ஊரு உண்டா, ஒறவு உண்டா?”

“ஆறு வீடு உண்டு. நமக்கு ஒண்ணுகூட இல்ல.”

“பிள்ளே, ஒனக்கு வெளங்கல்ல. அவன் நான் எழுதினவன். தொகை இடிச்சுதுன்னு எழுதினேன். சத்தியமாட்டு.”

ரெக்சலின் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். “அது எனக்குத் தெரியாதாக்கும்? நல்லாத்தான் எழுதியிருக்கிய அண்ணே” என்றாள்.

கல்யாணம் நடந்தது. ஆறு வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாராக வந்து ஆறு பந்தியில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த மாசம் கஸ்மீருக்குக் காய்ச்சல். நூற்று நாலு டிகிரி, எழுந்திருக்க முடியவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆட்டம் எழுதப்படாமல் போனது. இலாரியான் வழக்கம்போல ஒரு கோல் அடித்தான், வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், படுத்தான். விடிந்து பார்த்தால் அவன் கைவழியாகப் பாயின் கோரை தெரிந்தது. ஈர மணலில் நடந்தால் தடம் விழவில்லை. சாயா கிளாஸைப் பிடித்தால் நழுவி விழுந்தது. ரெக்சலின் அலறவில்லை, அழவில்லை, ஒரு வடத்தை எடுத்து அவன் இடுப்பில் கட்டி மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, அண்ணன் கட்டிலுக்கு வந்து நோட்டையும் பேனாவையும் அவன் நெஞ்சில் வைத்து, “நாப்பத்தி ஒண்ணாவது நிமிசம், எடது காலு. எழுதுங்க” என்றாள். கஸ்மீர் எழுதினான். மத்தியானத்துக்குள் இலாரியான் கட்டியாகிவிட்டான்.

செய்தி ஊருக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. அன்று சாயங்காலமே ஆட்டக்குழுத் தலைவர் சூசைநாயகம், வேட்டியை மடித்துக் கட்டிய மனிதர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லி எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர், நாலு பேரோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்.

“கஸ்மீரு, ஒன் ஒடம்பு இனி ஒன் ஒடம்பு இல்ல கேட்டியா. நீ தும்மினா ஊரு தும்மும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாளே கஸ்மீரின் நாற்காலிக்கு மேல் தார்ப்பாய்க் கூரை போட்டார்கள். வீட்டுக்கு முட்டையும் நெய்மீனும் வந்தன. அவன் இருமினால் நாலு வீட்டில் சுக்குக் காப்பி கொதித்தது. சைக்கிளை, விழுந்து கை ஒடிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கடலில் குளிக்கப் போனால் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் அவனுக்கு முன்னால் நின்றார்கள். கோப்பை இல்லாத மாசங்களில் ஆட்டம் இல்லாவிட்டால் இலாரியான் என்ன ஆவான் என்று பயந்து, வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும், கட்டினவனுக்கும் கட்டாதவனுக்கும், வள்ளக்காரனுக்கும் வலைக்காரனுக்கும் என்று வாராவாரம் ஆட்டம் வைத்தார்கள், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில்கூடச் சாமியார் விலக்குக் கொடுத்தார். கஸ்மீர் மார்த்தாண்டத்துக்கு அப்பால் பயணம் போகலாகாது என்று பங்குப் பேரவையில் தீர்மானம் போட்டு, கஸ்மீரையே கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள், கையெழுத்து அழகாக இருக்கும் என்று. அவனும் எழுதினான். பஸ் கண்டக்டர் உள்ளூர்க்காரன், மார்த்தாண்டத்துக்கு மேல் டிக்கெட் கேட்டால், “அண்ணே, வீட்டில பிள்ளையளு இருக்கு, என்னை ஊரு கொன்னுபோடும்” என்று பையை மூடிக்கொள்வான்.

இப்படிப் பதினோரு வருடம் போனது. அதில் ஐந்தாவது வருடம் ஒரு தடவை குடல்வால் வெடிக்கப் பார்த்து நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான், அதற்கு மட்டும் பேரவை கூடி அனுமதி கொடுத்தது, ஆயர் வருகையால் அந்த வார ஆட்டத்தை நிறுத்தி வைத்தோம் என்று அவன் திரும்பி வந்ததும் சொன்னார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, இலாரியான் கஸ்மீரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். அவனுக்கு இன்னும் இருபத்தைந்து வயதுதான். கஸ்மீருக்கு வழுக்கை விழுந்துவிட்டது.

“அளியா, ஒருக்கா வெளிய அடிச்சுப் பாக்கணும்னு ஆசை” என்றான் மச்சானிடம்.

“எதுக்கு?”

“எதுக்குன்னா? அடிச்சா உள்ளதான் போவும்னு தெரிஞ்சு அடிக்கதுல என்ன இருக்கு? நேத்து கண்ண மூடிட்டு கடலப் பாத்து அடிச்சேன். போஸ்ட்ல தட்டி உள்ள போச்சு. இந்தக் காலு எனக்க சொல்லக் கேக்காது அளியா.”

இவனைத் தவிர இந்த ஊரில் தன் நிலைமை வேறு யாருக்கும் புரியாது என்று கஸ்மீர் நினைத்தான், எழுதினதற்கு மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தான், அது எவ்வளவு கேவலமான மன்னிப்பு என்று தோன்றி, நேரமாச்சு, ரெக்சலின் தேடுவாள் என்று மட்டும் சொன்னான்.

அப்போதுதான் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. இருபதாவது விண்ணப்பத்துக்கோ இருபத்தொன்றாவது விண்ணப்பத்துக்கோ பதில். நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, தங்களைப் போல் எண்ணுகிற ஒருவர் எங்களுக்கு இல்லை, கால்பந்துப் பகுதி முழுவதையும் தங்களிடமே ஒப்படைக்க விரும்புகிறோம், பத்து வருடத்து நோட்டுகளோடு வருகிற திங்கட்கிழமை வந்து சேரவும், அதற்கு மேல் காத்திருக்க இயலாது என்று எழுதியிருந்தார். கஸ்மீர் அந்தக் கடிதத்தைப் பதினேழு தடவை படித்தான். ‘ஐயா’ என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது.

போக முடியாது என்று அவனுக்குத் தெரியும். போனால் தங்கை ஜன்னல் கம்பியில் வடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒரு வாரத்தில் வடத்தில் ஒன்றும் இருக்காது, அவளோ இப்போது ஏழு மாதக் கர்ப்பம், இத்தனை வருடம் கழித்து. ஆனாலும் நோட்டுகளையாவது அனுப்பி வைப்போம், நான் யார் என்று அங்கே ஒருத்தருக்காவது தெரியட்டும் என்று சனிக்கிழமை எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டி ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தான். ஐந்தாவது நோட்டில் இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்தன. சோற்றுப் பசை வைத்து ஒட்டியது, உப்புக் காற்றில் காய்ந்து ஓரம் விட்டிருந்தது. பிரித்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். நடக்கவே இல்லை என்று சொன்ன ஆட்டம். ‘இலாரியான், ஒரு கோல், பதினெட்டாவது நிமிடம்.’ அது அவன் கையெழுத்து இல்லை. உருண்டையாக, பிள்ளைகள் எழுதுகிற மாதிரி, ரெக்சலின் ஜெபப் புத்தகத்தில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாளே, அந்தக் கை.

நோட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் அவள் முன்னால் விரித்துப் பிடித்தான். ரெக்சலின் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஆரு எழுதினாலும் போதும், இல்லியா?” என்றான் கஸ்மீர்.

“போதும்.”

“ஆறு வருசமாட்டு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எதுக்குப் பிள்ளே மறைச்ச?”

“சொன்னா நீங்க போயிருவிய” என்றாள். பிறகு, அது முழு உண்மை இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அந்த ஒரு ஆட்டம் எழுத நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியாது. கண்ணச் சிமிட்டப் பயம். தண்ணி குடிக்கப் பயம். நிமிசத்தத் தப்பா எழுதிட்டா அவருக்கு என்ன ஆவும்னு பயம். சாவுறவரைக்கும் வாராவாரம் இந்தப் பயத்தத் திங்க என்னால ஆவாதுண்ணே. நீங்க திங்கிய. தின்னட்டும்னு விட்டுட்டேன்.”

கஸ்மீர் ஆத்திரத்தில் நோட்டைச் சுவரில் அறைந்தான். சென்னை ஆசிரியர் ஆறு வருடத்துக்கு முன்னால் கூப்பிட்டிருக்க மாட்டார்தான், ஆனாலும் அந்த ஆறு வருடமும் தன்னுடையவை என்று கத்தினான்.

மறுநாள் ஞாயிறு, கோப்பையின் கடைசி ஆட்டம், நாலு மணிக்கு. கஸ்மீர் பையும் கையுமாக, வெள்ளைச் சட்டை போட்டு, மைதானத்துக்கு நேரே வந்து ஆட்டக்குழு முன்னால் நின்றான். “ஆரு எழுதினாலும் போதும். நான் போறேன்” என்றான்.

யாரும் அதிரவில்லை. சூசைநாயகம் வேட்டியை அவிழ்த்து மறுபடி மடித்துக் கட்டினார்.

“அது எங்களுக்குத் தெரியும்டே கஸ்மீரு” என்றார்.

“எல்லாருக்குமா?”

“பின்ன? அன்னைக்கு ஆட்டம் நடந்துது, ஊரே பாத்துது, ஒன் தங்கச்சி ஒன் நாக்காலியில இருந்து எழுதுனா.”

“பின்ன எதுக்கு வே என்னக் கட்டிப்போட்டிய?”

சூசைநாயகம் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். “எழுதுறவன் எந்திரிக்க முடியாதுல்லா. எவன் நாக்காலியில இருப்பான்? நீ இருந்த. நாங்க விட்டுட்டோம்.”

கஸ்மீர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினான். யாராவது வாங்குங்கள் என்றான். சூசைநாயகத்துக்குக் கண்ணில் புரை, பந்தே இரண்டாகத் தெரிகிறதாம். குழுச் செயலருக்கு மூட்டு வலி, ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாதாம். சாமியாருக்கு வருகிற மே மாதம் மாற்றல். ஆறு வீட்டாரும் வந்திருந்தார்கள், இலாரியான் எங்க பிள்ளை என்று பதினோரு வருடம் பாயசம் வைத்தவர்கள், அவர்களில் ஒருவர் வலை கிழிந்து கிடக்கிறது என்றார், ஒருத்தி தனக்குப் படிப்பு வராது என்றாள், மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். பேனா நீட்டியபடியே இருந்தது. மைதானத்தின் நடுவில் இலாரியான் பந்தின் மேல் கால் வைத்து இவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரெக்சலின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தாள். அண்ணன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்காமல் மரியாதையாக வாங்கிக்கொண்டு, தார்ப்பாய் நிழலில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்தாள்.

“போங்கண்ணே. பஸ் வருது.”

“ஒன்னால ஆவாதுன்ன.”

“ஆவாதுதான். போங்க.”

யாரும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்க அவர்களுக்கு இனி ஒரு காரணமும் இல்லை. விசில் ஊதியபோது அவன் ரோட்டில் ஏறிவிட்டான். பஸ் வந்தது, கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்தான், மைதானத்தைப் பார்த்தான், நாற்காலியில் ரெக்சலின் இருப்பதைப் பார்த்தான், நாகர்கோவிலுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். கஸ்மீர் அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். ராத்திரி ரயில், திங்கட்கிழமை காலை சென்னை, கண்ணாடி போட்ட மாடம், ஐயா என்று கூப்பிடுகிற மனிதர்கள், எல்லாம் அந்தச் சீட்டுக்குள் இருந்தன.

ரோடு, ஆறு கடலோடு சேரும் பொழியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வளைந்து போகிறது, ஆனால் தண்ணீருக்கு நேர் குறுக்கே மைதானம் ஒரு கூப்பிடு தூரம்தான். பஸ் பொழியின் அக்கரைக்கு வந்தபோது கூட்டத்தின் கத்தல் கேட்டது. எட்டு ஊரும் சேர்ந்து கத்துகிற கத்தல், அது யாருடைய கோல் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. கை தானாகவே திரும்பியது. கடிகாரத்தைப் பார்த்தான். நாலு இருபத்து நாலு. இருபத்து நாலாவது நிமிடம்.

எழுதியிருப்பாள். எழுதியிருப்பாள் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். அவள் கண் சிமிட்டுகிறவள், நிமிசத்தைக் கூட்டிக் குறைத்துப் போட்டுவிடுவாளோ, நோட்டின் அடுத்த பக்கத்துக்குப் பதிலாக வேறெங்கோ எழுதிவிடுவாளோ, அதற்குள் வயிற்றில் வலி எடுத்தால். அடுத்த நிறுத்தம் வரைக்கும்கூட அவனால் உட்கார முடியவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொன்னான். கண்டக்டர், “அண்ணே, வேண்டாம், இருங்கண்ணே, எல்லாம் சரியா இருக்கும்” என்று கையைப் பிடித்தான், இத்தனை வருடம் மார்த்தாண்டத்தைத் தாண்ட விடாதவன் இப்போது பஸ்ஸிலிருந்து இறங்க விடாமல் கெஞ்சினான். கஸ்மீர் உதறிவிட்டு இறங்கினான்.

தட்டைப் பாதத்தோடு மூன்று கிலோமீட்டர் ஓடினான். பாதி ஓட்டம், பாதி நடை. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டி, மூச்சு இரைத்து, மைதானத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது இடைவேளை. கூட்டம் அவனைப் பார்த்து வழி விட்டது, வெளியூரிலிருந்து ஆட்டம் பார்க்க வந்தவருக்கு விடுகிற மாதிரி. இலாரியான் கோட்டோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது, நல்ல கட்டியாக, ஈர மணலில் தடம் பதிய, ஒரு குறையும் இல்லாமல் இருந்தான். ரெக்சலின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பயந்த முகமாக இல்லை. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் எழுதியாச்சுண்ணே” என்றாள். “ஒண்ணும் ஆவல்ல. பாருங்க, நல்லா இருக்காரு. அஞ்சேகாலுக்கு அடுத்த பஸ்ஸு உண்டு, ரயில் கிட்டும். போங்க.”

கஸ்மீர் குனிந்து நோட்டைப் பார்த்தான். உருண்டைக் கையெழுத்தில் ‘இலாரியான், ஒரு கோல், இருபத்து மூன்றாவது நிமிடம்’ என்று இருந்தது.

“இருபத்தி நாலு” என்றான்.

“என்னது?”

“இருபத்தி மூணு இல்ல பிள்ளே. இருபத்தி நாலு.”

ரெக்சலின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இலாரியான் பாத்திரத்தை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தான், வேண்டாம் என்பது போலத் தலையை மெல்ல ஆட்டினான். சூசைநாயகம் எங்கோ பார்த்தார். ஒரு நிமிஷ வித்தியாசத்தால் இங்கே எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது கஸ்மீரின் கண்ணுக்கும் தெரிந்தது, அது பொறுக்காமல்தான் அவன் கையை நீட்டினான்.

அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடுத்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, “இருங்கண்ணே” என்றாள். அவன் உட்கார்ந்து மூன்றை அடித்து நாலு என்று எழுதினான். ஐந்து மணிக்கு இரண்டாவது பாதிக்கு விசில் ஊதினார்கள், ஆட்டம் முடிய ஐந்தே முக்கால் ஆகும்.